காற்றும் முதுகும் ஒரு ஸ்கூட்டரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில், மதிய உணவுக்கு முன் பேசியதன் எழுத்து வடிவம். மேடையில் விட்டுப்போன சில கணக்குகளை எழுதும்போது சேர்த்திருக்கிறேன்.)



சாப்பாட்டுக்கு முந்தைய பேச்சாளன் நிலைமை எனக்குத் தெரியும். வடை வாசனை எனக்கும் வருகிறது. செயலாளர் போன் செய்து, "ரிடையர் ஆனதுக்கு அப்புறம் என்ன பண்றேன்னு ஒவ்வொருத்தரும் பேசணும்"னு சொன்னார். ஒருவர் இயற்கை விவசாயம், இன்னொருவர் தேவாரம், ஒருவர் பேரன். என்னிடம் அப்படி எதுவும் இல்லை. "ஸ்கூட்டருக்குக் கண்ணாடி மாட்டினேன்" என்றேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி, அதையே பேசு" என்றார்.

முதலில் ஏன் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் அக்கா வாலாஜாபேட்டை பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார்கள். 2022 கடைசியில் பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்துவிட்டார்கள். தாய் இல்லாத வீட்டில் என் மனைவியை வளர்த்தவர் அந்த அக்காதான். பதினைந்து நாளைக்கு ஒரு தரமாவது போய்ப் பார்க்க வேண்டும். ஆவடியிலிருந்து அவர்கள் வீட்டுக்கு ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். பஸ் என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளாது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு உட்காரும் ரகம். ரயிலில் போனோம். வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி, ராத்திரி திரும்புவதற்குள் இரண்டு பேருக்கும் நாக்குத் தள்ளிவிட்டது. கார் நான் பழகவே இல்லை. மிச்சம் இருந்தது ஸ்கூட்டர்.

எனக்கு அப்போது 65 வயது. கழுத்தில் தேய்மானம் என்று டாக்டர் ஏற்கெனவே பட்டை கொடுத்திருந்தார். "வண்டி ஓட்டலாமா டாக்டர்?" என்றால், "மார்க்கெட் வரைக்கும் போங்க" என்றார். வாலாஜாவில் ஒரு மார்க்கெட் இருக்கிறது என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

2023 ஆரம்பத்தில் புது வண்டி எடுத்தேன். சுசுகி பர்க்மேன் ஸ்ட்ரீட், 125 சி.சி. பர்க்மேன் என்ற பெயர் 1998-ல் 400 சி.சி. பெரிய ஸ்கூட்டருக்கு வைத்தது. அதன் சாயலில் நம் நாட்டுக்கென்று 2018-ல் இந்தச் சின்னதைக் கொண்டு வந்தார்கள். முன்பக்கம் அகலம், காலை நீட்டி வைக்க இடம், மூக்கின் மேல் கையளவு கண்ணாடி. முதலில் வந்த மாடலில் பின் சக்கரம் 10 அங்குலம். 2022 டிசம்பரில் வந்த இ.எக்ஸ். மாடலில் 12 அங்குலம். அந்த இரண்டு அங்குலத்துக்காகவே காத்திருந்து அதை வாங்கினேன். சின்னச் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறும். கொஞ்சம் பெரிய சக்கரம் அதே பள்ளத்தை மிதித்துக்கொண்டு போய்விடும். பின் சீட்டில் இருப்பவருக்கு இந்த வித்தியாசம் முதுகெலும்பில் தெரியும்.

இந்த இடத்தில் நம் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வாத்தியாரை நினைத்துக்கொள்ளாமல் இருக்க முடியாது. அவருடைய லாம்பிரெட்டாவை மறந்தவர்கள் இங்கே யாராவது உண்டா? ஹேண்டிலில் நின்ற அந்தப் பெரிய பிளாஸ்டிக் கண்ணாடி, கீழே ரப்பர் மடிப்பு, மஞ்சள் பூத்துப்போய் உள்ளே அவர் முகமே தெரியாது. அந்தக் காலத்தில் வண்டி வாங்கினால் அதெல்லாம் ஒரு சீர்வரிசை மாதிரி. பஜாஜுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்து வாங்கியவர்கள், கையோடு ஸ்டெப்னி கவர், பக்கப் பெட்டி, கால் மேட், முன் கண்ணாடி எல்லாம் மாட்டிக்கொண்டுதான் வீட்டு வாசலில் கோலத்தில் நிறுத்துவார்கள். நாமெல்லாம் அவரைப் பார்த்து "வர்றாருடா கண்ணாடி மாளிகை" என்று சிரித்தோம். போர்டில் அவர் எழுதிய ஒரு வரிதான் ஐம்பது வருஷம் கழித்து எனக்குக் கைகொடுத்தது: வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் அழுத்தம் நாலு மடங்கு.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும் ஒரு ஆள் எதிர்க்காற்றுக்குக் காட்டும் பரப்பு சுமார் அரை சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில் அவர் மார்பிலும் தோளிலும் தலையிலும் சேர்ந்து காற்று தள்ளுவது சுமார் 4 கிலோ எடை. 60-ல் எட்டு கிலோவுக்கு மேல். 80-ல் பதினைந்து கிலோ. அதில் ஹெல்மெட் பங்கு 60-ல் ஏறக்குறைய ஒரு கிலோ. ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை நெற்றியில் வைத்து ஒருவர் மூன்று மணி நேரம் பின்னால் தள்ளிக்கொண்டே இருந்தால் கழுத்து என்ன ஆகும்? அதுதான் எனக்கு ஆனது. முதல் பயணம் முடிந்து மறுநாள் தலையைத் திருப்ப முடியாமல், பால்காரரிடம் உடம்போடு திரும்பிப் பேசினேன்.

அதனால் ஒரு கண்ணாடி வாங்கினேன். இங்கேதான் தப்பு செய்தேன். பெரிசு நல்லது என்று நினைத்தேன். கடைக்காரர், "சார், இதைப் போட்டா உங்களுக்கு கார்ல போற மாதிரி" என்றார். உயரமான அக்ரிலிக் தகடு. பக்கக் கண்ணாடித் தண்டுகளில் கிளாம்ப் போட்டு ஹேண்டிலோடு பிடிக்கிற வகை. வாத்தியார் வைத்திருந்ததே, அந்த வம்சம். நானே துளை போட்டு இறுக்கி மாட்டினேன். பருத்திப்பட்டு ஏரிக்கரையில் ஒரு சுற்று போய்ப் பார்த்தேன், காற்றே இல்லை. எவரெஸ்ட் ஏறின மாதிரி சந்தோஷம்.

மறுவாரம் கிளம்பினோம். நசரத்பேட்டை தாண்டிச் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கம் வந்தோம். அங்கே திறந்த வெளி. ஏரிப் பக்கமிருந்து குறுக்குக் காற்று. பக்கத்தில் ஒரு கண்டெய்னர் லாரி எங்களை முந்தியது. லாரி முந்தும்போது இரண்டு விஷயம் நடக்கும். அதன் முகம் தள்ளுகிற காற்று முதலில் நம்மை வெளியே தள்ளும். உடம்பு தாண்டும்போது உள்ளே இழுக்கும். வெறும் மார்போடு இருந்தால் உடம்பு அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் கண்ணாடி ஹேண்டிலில் அல்லவா இருக்கிறது? காற்று பிடித்தது கண்ணாடியை, திரும்பியது ஹேண்டில். பாய்மரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டி ஓட்டிய மாதிரி. ஒரு முழம் லாரி பக்கம் போய்த் திரும்பி வந்தோம். என் மனைவி ஒன்றும் பேசவில்லை. என் சட்டையைப் பிடித்த பிடி மட்டும் ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் விடவில்லை.

வரும்போது இருட்டிவிட்டது. எதிரே வருகிற ஹெட்லைட் ஒவ்வொன்றும் அந்தத் தகட்டில் உள்ள கீறல்களில் பட்டு, தீபாவளிச் சக்கரம் மாதிரி விரிந்தது. ரோடு தெரியவில்லை. போதாததற்கு நான் போட்ட துளையிலிருந்து ஒரு விரிசல் கிளம்பி, ஒரு ஜாண் நீளத்துக்கு வந்துவிட்டது. ஒரு டீக்கடையில் நிறுத்தினேன். மனைவி இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, "நீங்க அக்காவைப் பார்க்கக் கூட்டிட்டுப் போறீங்களா, அக்காகிட்ட அனுப்பறீங்களா?" என்று கேட்டாள்.

அங்கேயே ஸ்பானரை எடுத்துக் கண்ணாடியைக் கழற்றினேன். கையில் தூக்கிக்கொண்டும் போக முடியாது. டீக்கடைக்காரர், "அண்ணே, எனக்குக் குடுத்துடுங்க, அடுப்புக்குக் காத்து மறைக்கும்" என்றார். கொடுத்தேன். "ஒரு முழம் தள்ளியே வைப்பா, சூட்டுல இளகிடும்" என்று இன்ஜினியர் தோரணையில் ஒரு ஆலோசனையும் கொடுத்தேன்.

அடுத்த இரண்டு வாரம் வண்டியைத் தொடவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டிலிருந்த பழைய ஸ்வெட்டரைப் பிரித்தேன். (அந்தச் சண்டை தனிக் கதை.) விரல் நீளத்துக்குக் கம்பளி நூல் துண்டுகளாக வெட்டி, வண்டியின் மூக்கு, சின்னக் கண்ணாடியின் விளிம்பு, என் ஹெல்மெட், தோள் எல்லாவற்றிலும் செல்லோ டேப்பால் ஒட்டினேன். விமானச் சோதனைக்கூடத்தில் செய்கிற பழைய வித்தைதான். காற்று ஒழுங்காகப் போகிற இடத்தில் நூல் நேராகப் படுத்திருக்கும். சுழல் இருக்கிற இடத்தில் பேய் பிடித்த மாதிரி ஆடும். நான் ஓட்ட, நம் வகுப்புத் தோழர் ஒருவர் பக்கத்தில் இன்னொரு வண்டியில், பின் சீட்டில் தன் பையனை உட்கார வைத்து வீடியோ எடுக்கச் சொன்னார். விடியற்காலை, போக்குவரத்து இல்லாத ரோடு. எதிரே நடைபயிற்சி போன பெரியவர் ஒருவர் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார்.

வீடியோவில் தெரிந்தது இதுதான். கம்பெனி கொடுத்த சின்னக் கண்ணாடி காற்றைத் தூக்கிச் சரியாக என் தாடையில் கொண்டுவந்து போடுகிறது. ஹெல்மெட் நூல்கள் எல்லாம் ஆட்டம். கழுத்தை வலிக்க வைத்தது காற்றின் பலம் மட்டும் இல்லை, இந்த ஆட்டமும்தான். தலை ஒவ்வொரு நொடியும் பத்துத் தடவை உதற, கழுத்துத் தசை ஒவ்வொரு தடவையும் அதைப் பிடித்து நிறுத்துகிறது. சீராக வருகிற காற்று இதைவிடத் தேவலை.

அப்புறம் அட்டைப்பெட்டியை வெட்டி, அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல் இரண்டு அங்குலம், மூன்று அங்குலம், ஐந்து அங்குலம் என்று டேப் போட்டு ஒட்டி, அதே ரோட்டில் மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். எனக்கு, என் உயரத்துக்கு, விளிம்பு என் மூக்குக்குச் சற்றுக் கீழே வரும்போது தோள் நூல்கள் படுத்தன. ஹெல்மெட் உச்சியில் மட்டும் காற்று, அதுவும் சீராக. முக்கியமாக, ரோட்டைக் கண்ணாடி வழியாகப் பார்க்காமல் அதன் மேலாகப் பார்க்க முடிந்தது. மழையிலும் ராத்திரியிலும் இதுதான் உயிர். அந்த அட்டையைக் கொண்டுபோய், அதே அளவில் பாலிகார்பனேட்டில் ஒன்று வாங்கினேன். ஹேண்டிலில் இல்லை, வண்டியின் உடம்பிலேயே, கம்பெனி கண்ணாடி இருந்த திருகுகளிலேயே உட்காருகிற வகை. இப்போது குறுக்குக் காற்று அடித்தால் வண்டி மொத்தமும் லேசாகச் சாயும், ஹேண்டில் திரும்பாது.

மாட்டப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. அக்ரிலிக் உடைந்தால் கத்தி மாதிரித் துண்டாகும்; பாலிகார்பனேட் வளையும், சுலபத்தில் உடையாது, ஆனால் சீக்கிரம் கீறல் விழும். பெட்ரோல் துணியாலோ, வீட்டு ஜன்னல் துடைக்கிற அம்மோனியா கலந்த திரவத்தாலோ துடைக்காதீர்கள். நாளடைவில் நுண்ணிய வெடிப்பு வரும். சோப்புத் தண்ணீர், மெல்லிய துணி, போதும். திருகுத் துளை திருகைவிடக் கொஞ்சம் பெரிசாக இருக்க வேண்டும், நடுவில் ரப்பர் புஷ் வேண்டும். வெயிலில் பிளாஸ்டிக் விரியும். அதற்கு இடம் கொடுக்காமல் இறுக்கினால் நான் கண்ட விரிசலை நீங்களும் காணலாம். வேலைக்காலம் முழுக்க ஃபிட்டர்களை "டாலரன்ஸ் எங்கேப்பா?" என்று விரட்டியவன், என் வண்டிக்கு அதை மறந்துவிட்டேன்.

இன்னொரு விஷயம் வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லாது. அங்கே குளிர், காற்று எதிரி. இங்கே கத்திரி வெயிலில் காற்றுதான் நம் விசிறி. சித்திரை மாதம் இந்தக் கண்ணாடியோடு பூந்தமல்லி சிக்னலில் நின்று பாருங்கள், கொழுக்கட்டை வேகிற மாதிரி இருக்கும். அதனால் ஏப்ரல் வந்தால் பழைய சின்னதை மாட்டிவிடுவேன், மழைக்காலத்துக்கு முன் பெரிசு. அரை மணி வேலை. ஸ்கூட்டர் என்பதே ஒரு வகையில் காற்றுத் தடுப்புதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. 1946-ல் வந்த வெஸ்பாவை வடிவமைத்த கொராடினோ தஸ்கானியோ விமான, ஹெலிகாப்டர் இன்ஜினியர். மோட்டார் சைக்கிளே அவருக்குப் பிடிக்காது. சேறும் காற்றும் காலில் படாமல் முன்னால் ஒரு தகட்டை மடித்து வைத்தார். அதற்கு மேல் நாம் மாட்டுவதெல்லாம் அவருடைய தகட்டின் நீட்சி.

இனி சீட். பூந்தமல்லியில் ஒரு குஷன் கடைக்குப் போனேன். "நல்லா மெத்து மெத்துன்னு போட்டுக் குடுங்க பாய்" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எவ்வளவு நேரம் உக்காருவீங்க?" என்று கேட்டார். மூன்று மணி நேரம் என்றேன். "அப்ப மெத்து வேணாம். மெத்துல பத்து நிமிஷம் சொகம், அப்புறம் உள்ள இருக்கிற தகடுதான் குத்தும்" என்றார். ஃபோமைக் கை முட்டியால் அழுத்திக் காட்டினார். நல்ல ஃபோம் முழுக்க அமுங்காமல் திருப்பித் தள்ளுகிறது. அவர் செய்தது இரண்டே வேலை. சீட்டை உயர்த்தவில்லை, 780 மில்லிமீட்டர் உயரத்துக்கு மேல் போனால் எனக்குக் கால் ஊன்றாது. முன்பக்கம் சரிகிற சரிவை எடுத்துச் சமமாக்கினார். பின்னால் உட்காருபவர் பிரேக் போடும்போதெல்லாம் முன்னால் வழுக்கி வந்து இடிப்பது அதோடு நின்றது. தையல் விளிம்பைத் தொடை படுகிற இடத்திலிருந்து வெளியே தள்ளித் தைத்தார். ஆயிரத்து எண்ணூறு ரூபாய். இந்த வண்டிக்கு நான் செலவழித்ததில் பெறுமதியான பணம் அதுதான்.

மனைவிக்குப் பின்னால் கைப்பிடிக் கம்பியோடு ஒரு முதுகு மெத்தை போட்டேன். அதைவிடப் பெரிய மாறுதலைச் செய்தது அவள்தான். நாற்பது வருஷம் புடவையில் ஒரு பக்கமாக உட்கார்ந்தே பழகியவள், 61 வயதில் சுடிதார் தைத்துக்கொண்டு இரண்டு பக்கம் கால் போட்டு உட்கார்ந்தாள். "வாலாஜால யாரு என்னைப் பாக்கப் போறா" என்று முதல் நாள். மூன்றாம் பயணத்தில் அந்தத் தெருவில் இரண்டு பேர் தையல்காரர் விலாசம் கேட்டார்கள். ஒரு பக்கமாக உட்காரும்போது ஓட்டுகிறவன் தெரியாமலே எதிர்ப்பக்கம் சாய்ந்து ஈடுகட்டிக்கொண்டே இருக்கிறான். என் இடுப்பு வலி பாதி அதனால் என்று அப்போதுதான் தெரிந்தது. முழு ஹெல்மெட் இருவருக்கும், ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு.

பின்னால் பெரிய பெட்டி வைக்கச் சொன்னார்கள். வைக்கவில்லை. ஸ்கூட்டருக்கு எஞ்சினே பின் சக்கரத்தோடு இருக்கிறது. அதற்கும் பின்னால் பாரம் ஏற்றினால் முன் சக்கரம் லேசாகிவிடும். நாங்கள் இரண்டு பேர் மட்டுமே 129 கிலோ, வண்டியைவிட அதிகம். அக்காவுக்கு வேண்டிய மருந்தும் துணியும் சீட்டுக்கு அடியில் அடங்கின. டயர் காற்றைச் சீட்டோடு ஒட்டியிருக்கிற அளவுப்படி, இரண்டு பேர் போகும் அளவுக்கு, கிளம்புகிற அன்று காலையில் பார்ப்பேன். எக்ஸ்ட்ரா லைட், ஊது குழல் ஹாரன், சைலன்ஸர் மாற்றம் எதுவும் கிடையாது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொன்னது. திருகைக் கழற்றினால் பழையபடி ஆகிவிடுகிற வேலை மட்டும் செய்தேன்.

வேகம் 55, மிஞ்சிப் போனால் 60. கோழை என்று நினைக்க வேண்டாம், கணக்கு இருக்கிறது. காற்றை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். எங்கள் இரண்டு பேரோடு 60-ல் காற்றுக்கு மட்டும் சுமார் இரண்டரைக் குதிரைத்திறன் போகிறது, 80-ல் ஆறு. வண்டியில் இருப்பதே எட்டரை சொச்சம். ஆக, நான் மாட்டிய கண்ணாடியைவிட நல்ல காற்றுத் தடுப்பு வலது கையில் இருக்கிறது, அது இலவசம்.

"இந்த வயசில் உனக்கு இதெல்லாம் தேவையா" என்று என் மகன் கேட்டான். மைசூரு கிருஷ்ணகுமார் என்பவரைப் பற்றிப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். 2018 ஜனவரியில், அப்பா வாங்கித் தந்த பழைய பஜாஜ் சேட்டக்கில் எழுபது வயது அம்மாவை உட்கார வைத்துக் கிளம்பி, நாடு முழுக்க ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு மேல் சுற்றிக் காட்டினார். அந்தச் செய்தியை மகனுக்கு அனுப்பினேன். "அவர் ஓட்டினது அம்மாவை வச்சு, நீ ஓட்டறது எங்க அம்மாவை வச்சு" என்று பதில் வந்தது. அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தப் பையனுக்கு லாரிக் கதை தெரியாது. இந்த மலர் அவன் கையில் கிடைக்காது என்ற தைரியத்தில் எழுதியிருக்கிறேன்.

கண்ணாடியும் சீட்டும் சரியான பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட தடவை போய் வந்தோம். அக்காவுக்குப் பேச்சு சரியாக வராது. ஆனால் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டதும் இடது கையைத் தூக்குவார்கள். மனைவி தலை வாரிவிடுவாள், நான் திண்ணையில் செயினும் நட்டும் பார்க்கிற மாதிரி பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருப்பேன். (ஸ்கூட்டரில் செயின் ஏது என்று மெக்கானிக்கல் பிரிவினர் சிரிக்கிறீர்கள். அந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை.) 2025 தை மாதம் அக்கா போய்விட்டார்கள். அதற்கு நான்கு நாள் முன்பு நாங்கள் அங்கே இருந்தோம். பனி கொட்டுகிற காலை. ஐந்தரைக்குக் கிளம்பி, எட்டரைக்கெல்லாம் அவர்கள் கட்டிலருகே. கழுத்து வலிக்கவில்லை.

இப்போதும் அந்தப் பக்கம் போகிறோம். காரணம் கேட்டால் அக்கா பேத்தியைப் பார்க்க என்கிறாள் மனைவி. வழியில் அந்த டீக்கடையில் நிறுத்துவோம். என் முதல் கண்ணாடி, விரிசலோடு, அடுப்புக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருக்கிறது. காற்றை நன்றாகவே மறைக்கிறது.

வண்டி வெளியே வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. சாப்பிட்டுவிட்டு யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம். சாவி மூன்றாம் வரிசையில், சுடிதார் போட்டிருக்கிற அம்மாவிடம் இருக்கிறது.